"நம்ம பிள்ளைங்களுக்குத் தம் கம்மியா, டாக்டர்?"

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

இரண்டு இதழ்களுக்கு முன், வயதுக்கு வந்தவுடன் பெண் பிள்ளைகளின் ஓட்டத்தை நிறுத்திவிடாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒரே பேச்சு பல உருவத்தில் வந்தது. 'அவங்க உடம்பு வேற, நம்ம உடம்பு வேற.' கடல் தாண்டி வாழ்கிற பெற்றோர் அதிகம் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் இதற்கே. சர்க்கரையும் தைராய்டும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது. பள்ளியில் 'பேசர்' என்று வருடா வருடம் ஓட்டத் தேர்வு வைக்கிறார்கள். இவள் 14 சுற்றில் நின்றுவிட்டாள். கூடப் படிக்கும் வெள்ளைக்காரப் பெண்கள் 30, 40 என்று ஓடுகிறார்களாம். என் கணவர் இணையத்தில் தேடிப் பார்த்து, வளரும் பெண்களின் ஏரோபிக் திறன், அதாவது மூச்சுத் தம், இனத்துக்கு இனம் மாறுபடுகிறது என்ற ஆய்வைக் காட்டி, "நம்ம ஜீன் அப்படி. விடு, படிப்பைப் பாக்கட்டும்" என்கிறார். இப்போது மகளும் அதையே சொல்கிறாள். விட்டுவிடலாமா, டாக்டர் அம்மா?
*– ஒரு தாய், டெக்ஸாஸ்*

பதில்: விடக் கூடாது அம்மா. உங்கள் கணவர் பார்த்த ஆய்வு பொய்யில்லை. அப்படிப்பட்ட ஆய்வுகள் 1990களில் உங்கள் ஹூஸ்டனிலேயே நடந்திருக்கின்றன. கறுப்பினப் பெண் பிள்ளைகளையும் வெள்ளையினப் பெண் பிள்ளைகளையும் டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்தபோது, கறுப்பினப் பெண்களின் சராசரி குறைவாக இருந்தது. அந்தச் சராசரியிலிருந்து உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்குத் தீர்ப்பு எழுதியதுதான் தவறு.

முதலில் அந்த 14 சுற்றைப் பார்ப்போம். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. 'பீப்' சத்தம் வருவதற்குள் ஒரு கோட்டிலிருந்து மற்றதைத் தொட வேண்டும். தொடக்கத்தில் ஒரு சுற்றுக்கு 9 நொடி கிடைக்கும். ஒவ்வொரு நிமிடமும் சத்தம் கொஞ்சம் நெருங்கி வரும். 1980களில் மான்ட்ரியலில் லூக் லெஜே என்பவர் வகுத்த ஓட்டத்தின் பள்ளி வடிவம் இது. டெக்ஸாஸில் 2007இல் வந்த சட்டப்படி 3ஆம் வகுப்பு முதல் 12 வரை உடல்தகுதித் தேர்வு உண்டு. அதில் 13 வயதுப் பெண்ணுக்கு ஆரோக்கிய எல்லை 25 சுற்று. அந்த எல்லை வயதைப் பொறுத்து மாறும், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தும் மாறும். இனத்தைப் பொறுத்து மாறாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 14 சுற்று என்பது ஏறக்குறைய இரண்டு நிமிட ஓட்டம். 25 சுற்று மூன்றேகால் நிமிடம். உங்கள் மகளுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றேகால் நிமிடம்தான். அந்த 30, 40 ஓடும் பெண்களைத் துரத்த வேண்டிய அவசியமே இல்லை.

இனி அந்த ஆய்வுகளுக்கு வருகிறேன். இளவயதில் அமெரிக்காவில் ஒரு உடற்பயிற்சி ஆய்வகத்தில் இரண்டு வருடம் உதவியாளராக இருந்தேன். பிள்ளைகளுக்கு மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, டிரெட்மில்லின் வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போவது என் வேலை. இனி முடியாது என்று கை காட்டும் நேரத்தில் உடல் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது என்று இயந்திரம் சொல்லும். நம் ஊரில் 'தம்' என்கிறோமே, அதை எண்ணாக மாற்றினால் அதுதான். அங்கே நான் கற்றுக்கொண்டதில் பெரிய விஷயம் இது: இதற்கு முன் மூச்சு இரைக்க ஓடியே பழகாத பிள்ளை, இரைக்க ஆரம்பித்ததும் பயந்துபோய்க் கையைக் காட்டிவிடும். அதன் இதயத்தில் இன்னும் பாக்கி இருக்கும். கால்பந்து ஆடுகிற பிள்ளைக்கு அந்த இரைப்பு பழைய சினேகிதம். அது கடைசி வரை போகும். இரண்டு பேருக்கும் எண் வேறு வேறாக வரும். ஆய்வகத்திலேயே இப்படி என்றால், ஆண் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிற பள்ளி ஜிம்மில் எப்படி இருக்கும்?

அடுத்தது, அந்த எண்ணை எதால் வகுக்கிறோம் என்பது. கிடைத்த ஆக்சிஜனை உடல் எடையால் வகுத்துத்தான் மதிப்பெண் தருகிறார்கள். இரண்டு பெண்கள், இருவருமே நிமிடத்துக்கு 1800 மில்லி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 45 கிலோ உள்ளவளுக்கு 40 வரும். 60 கிலோ உள்ளவளுக்கு 30 வரும். 13 வயதுப் பெண்ணுக்கான எல்லை இந்தக் கணக்கில் 39.7. ஒருத்தி தேறினாள், ஒருத்தி தேறவில்லை. இதயமும் ரத்தமும் நுரையீரலும் இருவருக்கும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. ஓடும்போது ஆக்சிஜனைச் செலவழிப்பது தசை. கொழுப்பு அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய மூட்டை மட்டுமே. இங்கே நமக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. புணே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்று 2004இல் 'லான்செட்' இதழில் வந்தது. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடல் கொழுப்பு மட்டும் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புணேக்காரருக்கு 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே தசை கம்மி. நம் பிள்ளைகளில் இதை நான் தினமும் பார்க்கிறேன். தசை என்பது பயன்படுத்தினால் வளர்கிற பொருள் என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன்.

வயதுக்கு வருவதும் கணக்கில் சேரும். 1997இல் அமெரிக்காவில் 17,000க்கும் அதிகமான சிறுமிகளைப் பார்த்த ஓர் ஆய்வில், கறுப்பினப் பெண்களுக்கு முதல் மாதவிலக்கு சராசரியாக 12.16 வயதிலும் வெள்ளையினப் பெண்களுக்கு 12.88 வயதிலும் வந்திருந்தது. பெண் உடலில் கொழுப்பு சேரும் காலமும் ரத்தம் போகத் தொடங்கும் காலமும் அதுதான். இரண்டு 13 வயதுப் பெண்களை நிற்கவைத்து ஒப்பிடும்போது, உடலளவில் ஒருத்தி மற்றவளுக்கு அக்காவாக இருக்கலாம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் கறுப்பின மக்களிடம் 100 மில்லி ரத்தத்துக்குச் சராசரியாக அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல் குறைவு. அதில் ஒரு பகுதிக்கு ஆல்பா தலசீமியா என்ற பரம்பரைக் கூறு காரணம். இதையெல்லாம் சரிசெய்து பார்த்த பிறகும் சிறு வித்தியாசம் மிஞ்சியதாகச் சொன்ன ஆய்வுகள் உண்டு. அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் என் மனதை விட்டுப் போகாத எண்கள் வேறு. 1980களின் கடைசியில், 9, 10 வயதில் இருந்த 1213 கறுப்பினச் சிறுமிகளையும் 1166 வெள்ளையினச் சிறுமிகளையும் கலிஃபோர்னியா, சின்சினாட்டி, வாஷிங்டன் பகுதிகளில் சேர்த்து, 18, 19 வயது வரை பின்தொடர்ந்தார்கள். ஓய்வு நேரத்தில் எதுவும் விளையாடுகிறாயா, ஓடுகிறாயா, ஆடுகிறாயா என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே வந்தார்கள். 16, 17 வயதில் 'ஒன்றுமே இல்லை' என்று சொன்னவர்கள் கறுப்பினப் பெண்களில் 56 சதவீதம், வெள்ளையினப் பெண்களில் 31 சதவீதம். பத்து வயதில் துள்ளிக்கொண்டிருந்த அதே பிள்ளைகள் அம்மா! பெற்றோரின் படிப்பு குறைந்த வீடுகளில் இந்தச் சரிவு அதிகம். கறுப்பினப் பெண்களில் இளவயதுக் கர்ப்பமும் வெள்ளையினப் பெண்களில் சிகரெட்டும் சரிவோடு சேர்ந்து வந்தன. இவற்றில் எதை ஜீன் என்று சொல்வது? ஓடாத பெண்ணுக்குத் தம் குறையும். அவள் தோல் என்ன நிறம் என்று இதயம் கேட்பதில்லை.

2012இல் அமெரிக்க அரசு நாடு முழுவதும் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளை டிரெட்மில்லில் ஏற்றி அளந்தது. போதுமான தம் இருந்தது ஆண் பிள்ளைகளில் 50 சதவீதத்துக்கு, பெண் பிள்ளைகளில் 34 சதவீதத்துக்கு மட்டும். இன வாரியாக வித்தியாசம் தெரியவில்லை. குடும்ப வருமான வாரியாகவும் தெரியவில்லை. உங்கள் கணவரிடம் இந்த இரண்டு எண்களைக் காட்டுங்கள். எல்லா இனத்துப் பெண்களும் சேர்ந்தே பின்தங்கியிருக்கிறார்கள்.

அவருக்கு இன்னும் ஒன்று. 'ஹெரிடேஜ்' என்ற பெரிய ஆய்வில் 17 முதல் 65 வயது வரை 633 பேருக்கு 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையினத்தவரும் இருந்தார்கள். தொடக்க அளவு வேறாக இருந்தது. பயிற்சியால் கிடைத்த முன்னேற்றத்தில் இனம் கிட்டத்தட்ட ஒரு பொருட்டாகவே இல்லை. ஒரே இனத்துக்குள், ஒரே வயதுக்குள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இருந்த வித்தியாசம்தான் மலைக்கும் மடுவுக்கும் போல இருந்தது. குடும்பத்துக்குள் பரம்பரை பேசுகிறது, உண்மை. ஆனால் அது அமெரிக்க மக்கள்தொகைப் படிவத்தில் இனத்துக்காக டிக் அடிக்கிற கட்டங்களின் வழியாகப் பேசுவதில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாரம் மூன்று நாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. எட்டு தடவை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, நடையைக் கொஞ்சம் குறையுங்கள். உங்கள் ஊர் வெயிலில் மே முதல் செப்டம்பர் வரை அதிகாலையில் மட்டும், இல்லையென்றால் குளிரூட்டிய உள்ளரங்கில். அப்பா கூட ஓட வேண்டும். 'நம்ம ஜீன் அப்படி' என்று சொன்ன வாய் அது, ஆகவே ஓடவேண்டிய கால்களும் அவருடையவை. பரதநாட்டியம் கற்கிறாள் என்றால் நல்லது. ஆனால் வகுப்பில் முக்கால்வாசி நேரம் தன் முறைக்காக நிற்பதுதான் நடக்கும். மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமான தாளத்தில், அடவுகளை இடைவிடாமல் பத்து நிமிடம் செய்தால் அது ஓட்டத்துக்குச் சமம். மூன்று மாதம் கழித்து அந்த 'பீப்' ஒலியை வீட்டு வாசலிலேயே போட்டுப் பாருங்கள். அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை அவசியம். ஏன் என்பது அடுத்த கடிதத்தில் இருக்கிறது.

கேள்வி: வணக்கம் அன்ரி. நான் லண்டன் ஹாரோவில இருக்கிறன். வயது 15. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில படிச்ச தமிழ், பிழை இருந்தா மன்னியுங்கோ. பள்ளிக்கூடத்தில ஓட்டம் எண்டா எனக்கு உடனே மூச்சு இளைக்குது. மாடிப்படி ஏறினாலும் இளைக்குது. விளையாட்டு டீச்சர் 'ஏசியன் பிள்ளையள் எப்பவும் இப்பிடித்தான்' எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னவ. எனக்கு மாதவிலக்கு நேரத்தில கனக்க ரத்தம் போகுது எண்டு அம்மா கவலைப்படுறா. நான் அரிசி டப்பாவில இருந்து பச்சை அரிசி எடுத்துச் சாப்பிடுறதுக்கும் ஏசுறா. எனக்கு என்ன பிரச்சினை?

பதில்: உன் தமிழில் மன்னிக்க ஒன்றுமில்லை, கண்ணு. நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. பச்சை அரிசி, ஐஸ் கட்டி, சாக்பீஸ், மண் என்று மனம் கேட்பது பல நேரம் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். படியேறினால் இளைப்பது, ரத்தம் அதிகம் போவது, இப்போது அரிசி. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. ஏச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். இந்த வாரமே உங்கள் குடும்ப மருத்துவரிடம் (ஜி.பி.) கூட்டிக்கொண்டு போகச் சொல்.

அங்கே முழு ரத்த எண்ணிக்கையும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும் என்று நீயே வாய்திறந்து கேள். உன் வயதில் ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. (உன் அறிக்கையில் 120 என்று எழுதியிருக்கும், அதே அளவுதான்.) ஃபெரிட்டின் என்பது இரும்பின் சேமிப்பு. அது 15க்குக் கீழே என்றால் பானை காலி. ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் காலியாக இருக்கும் பெண்களும் நிறைய. 'ரத்தம் நார்மல்' என்று அவர்களை அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே இரண்டையும் கேள்.

இது ஓட்டத்தை எப்படித் தடுக்கிறது என்று உனக்குக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். உனக்கு 13 இருக்க வேண்டிய இடத்தில் 11 இருந்தால், ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்திலும் 2.7 மில்லி ஆக்சிஜன் குறைவு. முழு வேகத்தில் ஓடும்போது உன் இதயம் நிமிடத்துக்கு 12 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது என்றால், நிமிடத்துக்கு 320 மில்லி ஆக்சிஜன் வண்டியில் ஏறவே இல்லை. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது கிலோவுக்கு 6 மில்லி. தேறுவதற்கும் தேறாமல் போவதற்கும் இடையில் பல நேரம் இருக்கிற தூரமே அவ்வளவுதான். உன் டீச்சர் 'ஏசியன்' என்று பார்த்த இடத்தில் உண்மையில் நின்றது இரண்டு கிராமாக இருக்கலாம்.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. நான் பாளையங்கோட்டையில் பள்ளியில் 800 மீட்டர் ஓடியவள். 13 வயதில் பெரியவளானேன், ஷூவை எடுத்து வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மாடி ஏறினால் இரைக்கும், 'பொம்பளப் புள்ளைன்னா அப்படித்தான்' என்பார்கள். மருத்துவம் படித்து, ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, ஒரு மாணவிக்குச் செய்து காட்டுவதற்காக என் ரத்தத்தையே எடுத்துப் பார்த்தேன். 9.4. பதினோரு வருடம் யாரும் அதைப் பார்க்கவில்லை. படித்த எனக்கே தோன்றவில்லை. பிறகு இரும்பு மாத்திரை, அப்புறம் அமெரிக்க ஆய்வகத்தில் அதே டிரெட்மில்லில் நானே ஏறினேன். முதல் முறை 27 வந்தது. நான்கு மாதம் காலையில் மெதுவோட்டம் ஓடிய பிறகு 33.

ரத்தசோகை என்று வந்தால் மருத்துவர் மாத்திரை தருவார். அதைத் தேநீரோடு விழுங்காதே, தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. ஆரஞ்சுச் சாற்றோடு எடு. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே. மாத்திரை எடுத்தும் ஏறவில்லை என்றாலோ, ஃபெரிட்டின் சரியாக இருந்து சிவப்பணுக்கள் மட்டும் சிறியதாக இருந்தாலோ, தலசீமியா கூறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் மக்களிடமும் அது உண்டு. ஒரு மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒரு பேட் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா என்பதை எழுதிக்கொண்டு போ. வெட்கப்பட்டு அதை மட்டும் விட்டுவிடாதே.

உன் டீச்சர் சொன்னது முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். லண்டன், பர்மிங்ஹாம், லெஸ்டர் நகரங்களில் 9, 10 வயதுப் பிள்ளைகள் 2000 பேருக்கு மேல் இடுப்பில் அசைவுமானி கட்டி அளந்தபோது, தெற்காசியப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அசைந்தார்கள். அவர்களிலும் பெண் பிள்ளைகள் இன்னும் குறைவு. அது அவர்கள் எவ்வளவு அசைந்தார்கள் என்பதற்கான அளவு. அவர்களால் எவ்வளவு முடியும் என்பதை அந்தக் கருவி அளக்கவில்லை. ரத்த முடிவு வந்ததும் அதை அந்த டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டு. காட்டிவிட்டு, எனக்கு ஓடக் கற்றுக்கொடுங்கள் என்று கேள். எனக்கும் ஒரு வரி எழுது.

கேள்வி: இந்தியர்களுக்கு நுரையீரல் சிறியது என்று ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் சொன்னார்கள். அப்படியானால் நம் பெண்கள் ஓட்டத்தில் பின்தங்குவது இயற்கைதானே?
*– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி*

பதில்: ஊதிப் பார்க்கும் அளவு நமக்குச் சராசரியாகக் குறைவு என்பது உண்மை. ஆனால் ஆரோக்கியமான ஒருவரின் ஓட்டத்தை நுரையீரல் தடுப்பது அபூர்வம். நீங்கள் மூச்சு முட்ட ஓடும்போதும் நுரையீரலில் கொஞ்சம் இடம் பாக்கி இருக்கும். முதலில் கையை விரிப்பது இதயமும் ரத்தமும் தசையும்தான்.

அந்த ஊதும் கருவிக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு ஐயா. அமெரிக்காவில் அடிமை முறை இருந்த காலத்தில், 1850களில், சாமுவேல் கார்ட்ரைட் என்ற தென்மாநில மருத்துவர் கறுப்பினத்தவரின் நுரையீரல் 20 சதவீதம் குறைவு என்று எழுதினார். அவர்கள் வயலில் வேலை செய்வதுதான் அவர்கள் உடலுக்கு நல்லது என்ற வாதத்துக்கு அதைப் பயன்படுத்தினார். அந்தக் குறைவுக்கு வறுமையும் புகையும் சிறுவயதுச் சாப்பாடும் காரணமா என்று அவர் கேட்கவே இல்லை. பிறகு இருபதாம் நூற்றாண்டில் கருவிக்குள்ளேயே இனத்துக்கு ஒரு திருத்தம் வைத்துவிட்டோம். கறுப்பினத்தவருக்கோ ஆசியர்களுக்கோ குறைவாக வந்தால் 'உங்களுக்கு இது நார்மல்' என்று அனுப்பிவிடும் திருத்தம். எத்தனை பேருடைய நோய் அதில் மறைந்திருக்கும்! 2023இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் இனம் பார்க்காத ஒரே அளவுகோலையே பயன்படுத்தும்படி பரிந்துரைத்தது. பெண் பிள்ளைகளின் ஓட்டத்துக்கும் இனவாரியாகத் தனி எல்லை வைக்கலாமே என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கும் இதுவே என் பதில். எல்லையைத் தாழ்த்தினால் ஹாரோவில் அரிசி தின்னும் அந்தப் பெண் 'தேறிவிடுவாள்'. அவள் ரத்தத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: கறுப்பினப் பெண்களுக்குத் தம் குறைவு என்று ஆய்வு சொல்கிறது என்கிறீர்கள். ஆனால் ஒலிம்பிக் நீண்டதூர ஓட்டத்தில் பெரும்பாலும் முந்துவது ஆப்பிரிக்கப் பெண்கள்தானே? எது உண்மை?
*– டொரன்டோ வாசகர்*

பதில்: இரண்டும் உண்மை. 'கறுப்பினம்' என்ற சொல்தான் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுகிறது. கென்யாவின் மேட்டு நிலத்தில் 2000 மீட்டர் உயரத்தில் வளர்ந்த பெண்ணும், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் ஹூஸ்டனில் பிறந்த பெண்ணும் பரம்பரையில் ஒருவருக்கொருவர் வெகுதூரம். வாழ்க்கையில் அதைவிடத் தூரம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 19 வயதில் 800 மீட்டரை 1 நிமிடம் 55.21 நொடியில் ஓடித் தங்கம் வாங்கிய அத்திங் மு, நியூஜெர்சியின் ட்ரென்டனில் பிறந்த அமெரிக்கப் பெண். பெற்றோர் தெற்கு சூடானிலிருந்து வந்தவர்கள். பள்ளியில் அவர் நிரப்பும் படிவத்திலும் 'கறுப்பினம்' என்ற அதே ஒரு கட்டம்தான் இருந்திருக்கும். ஒலிம்பிக் வெற்றி ஒரு கூட்டத்தின் உச்சியைக் காட்டும், பள்ளி ஆய்வு அதன் நடுவைக் காட்டும். உச்சியைப் பார்த்து நடுவைச் சொல்ல முடியாது, நடுவைப் பார்த்து உச்சியையும் சொல்ல முடியாது.

கேள்வி: மகன் வீட்டுக்கு நியூஜெர்சி வந்திருக்கிறேன். பேத்தி பெரியவளாகி ஆறு மாதம்தான் ஆகிறது. பள்ளி ஓட்டக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். குதித்து ஓடினால் கர்ப்பப்பை இறங்காதா? வெள்ளைக்காரிகளுக்கு எலும்பு வேறு, நம் பிள்ளைக்குத் தாங்குமா?

பதில்: இறங்காது பாட்டி. ஓடுவதால் வளரும் பெண்ணின் கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது. மாதவிலக்கு நாட்களிலும் அவளுக்கு முடிந்தால் ஓடலாம். எலும்பும் தாங்கும். இந்த வயதில் குதிக்கக் குதிக்கத்தான் அது கனமாகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஓட்டம் கூடக்கூடச் சாப்பாடும் கூட வேண்டும். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஓடி, வந்துகொண்டிருந்த மாதவிலக்கு மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். கீரையோடு எலுமிச்சை பிழிந்து, சுண்டல், முட்டை, சாப்பிடுகிற வீடு என்றால் ஆட்டு ஈரல் என்று உங்கள் கைப்பக்குவத்தில் கொடுங்கள்.

இன்னொன்று, மருமகளிடம் தனியாகச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஓடும்போது போடும் இறுக்கமான உள்ளாடை இரண்டு வாங்கட்டும். மார்பு அசைவது கூச்சமாகவும் வலியாகவும் இருப்பதால் ஓட்டத்தை விட்ட பெண்களை எல்லா இனத்திலும் பார்த்திருக்கிறேன். காரணத்தை அவர்கள் வீட்டில் யாரிடமும் சொல்வதில்லை. கடையில் அளந்து வாங்க வேண்டும். வளர்கிற வயது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் அளக்க வேண்டும்.